எட்டு மாதத்தில் மறுபடியும் வழுக்கும் கிளட்ச்: வீட்டிலேயே மாற்றலாமா?

திருக்காட்டுப்பள்ளி பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். வண்டி 100 சிசி, நாலு கியர். காலையும் மாலையும் இரண்டு பால் கேன் கட்டிக்கொண்டு வாய்க்கால் கரை வழியாகச் சொசைட்டிக்குப் போகிறார். எட்டு மாதத்துக்கு முன் கடையில் கிளட்ச் பிளேட் மாற்றியிருக்கிறார். இப்போது முறுக்கினால் இன்ஜின் சத்தம் மட்டும் ஏறுகிறது, வண்டி இழுக்கவில்லை. கடையில் ‘ஃபுல் செட் போடணும்’ என்கிறார்கள். நானே வீட்டில் மாற்ற முடியுமா, என்னென்ன சாமான் வேண்டும் என்பது அவர் கேள்வி.

மாற்ற முடியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். ஆனால் இந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது. எட்டே மாதத்தில் ஏன் போனது? பாரம் இழுக்கும் வண்டிக்குக்கூட எட்டு மாதம் ரொம்பக் குறைவு. அதற்குக் காரணம் தெரியாமல் புதுப் பிளேட் போட்டால் அடுத்த வருடமும் இதே கிளட்ச் கவரைத்தான் கழற்றிக்கொண்டிருப்பீர்கள். நான் ஐடிஐயில் மோட்டார் மெக்கானிக் படித்தவன். ஆறு வருடம் ஒரு சர்வீஸ் சென்டரில் இருந்தேன், அப்புறம் மன்னார்குடி பக்கம் சொந்தப் பட்டறை, பத்தொன்பது வருடம் ஆகிறது. ‘கிளட்ச் போச்சு’ என்று வரும் வண்டிகளில் பாதிக்கு முதல் நாளே கவரைத் திறக்க வேண்டியிருக்காது. அதனால் சாமானைப் பற்றி அப்புறம் பேசுவோம்.

முதலில் வழுக்குவது கிளட்ச்தானா என்று உறுதி செய்யுங்கள். நம் டெல்டாவில் மேடே கிடையாது, அதனால் பிளேட் பாதி தேய்ந்த பிறகும் வண்டி நன்றாக ஓடுவது போலவே இருக்கும். ஆற்றுக் கரை ஏறும் சரிவிலோ ரயில்வே மேம்பாலத்திலோதான் குட்டு வெளிப்படும். ஆள் நடமாட்டம் இல்லாத நேர் ரோட்டில், டாப் கியரில் 35 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்சிலேட்டரை முழுக்கத் திருப்புங்கள். சத்தம் சட்டென்று எகிறி, வேகம் அப்படியே நின்றால் அது கிளட்ச். சத்தமும் ஏறாமல் வேகமும் ஏறாமல் வண்டி சோம்பிப் போனால் அது கிளட்ச் இல்லை. கம்ப்ரஷனையோ கார்புரேட்டரையோ பார்க்க வேண்டும். ‘கடக் கடக்’ என்று உதைத்துக்கொண்டு நழுவினால் செயின் ஸ்ப்ராக்கெட் பல்லைப் பாருங்கள். இன்னொரு அடையாளமும் உண்டு. நியூட்ரலில் மட்டுமே கிக்கர் அடிக்க முடிகிற வண்டிகளில், நீங்கள் மிதிக்கிற விசை கிளட்ச் வழியாகத்தான் இன்ஜினுக்குப் போகிறது. கிளட்ச் நன்றாகத் தேய்ந்திருந்தால் கிக்கர் எதிர்ப்பே இல்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்கும். கிக்கர் பல் தேய்ந்தாலும் இப்படி ஆகும் என்பதால், இதை மட்டும் வைத்து முடிவுக்கு வர வேண்டாம்.

கிளட்ச்தான் என்று தெரிந்ததும் ஒயரைப் பாருங்கள். கிளட்ச் லீவரைப் பிடித்து இழுக்கும்போது, ஒயர் இறுகுவதற்கு முன்னால் கொஞ்ச தூரம் சும்மா வர வேண்டும். ஹீரோ, ஹோண்டா வண்டிகளில் லீவர் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் என்று அளவு கொடுத்திருப்பார்கள். வேறு கம்பெனிகள் இதைவிடக் குறைவாகச் சொல்வதும் உண்டு, உங்கள் வண்டி புத்தகத்தில் இருப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த லூஸ் இல்லையென்றால், நீங்கள் லீவரைத் தொடாதபோதும் கை லேசாகக் கிளட்சைப் பிடித்துக்கொண்டிருப்பதற்குச் சமம். ஸ்பிரிங்கின் அழுத்தம் முழுசாகப் பிளேட்டுக்குப் போகாது. வழுக்கும், சூடேறும், கருகும். இதில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. ஒயர் நாளாக நாளாக நீளும், அப்போது லூஸ் கூடும். பிளேட் தேயத் தேய லூஸ் குறையும். அதனால் புதுப் பிளேட் போட்ட அன்று சரியாக இருந்த அளவு மூன்று மாதத்தில் காணாமல் போகலாம். பிளேட் போட்ட பிறகு இந்த எட்டு மாதத்தில் ஒருமுறையாவது லூஸைச் சரிபார்த்தீர்களா? இல்லையென்றால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பியும் பாருங்கள். ஒரு பக்கம் திருப்பும்போது மட்டும் லூஸ் மறைந்தால் ஒயர் போகும் பாதை தவறு. மழைக்காலத்தில் ஒயருக்குள் தண்ணீர் இறங்கித் துருப்பிடித்தால், லீவரை விட்ட பிறகும் அது முழுசாகத் திரும்பி வராது. அதற்கு மருந்து புது ஒயர், பிளேட் இல்லை.

அடுத்தது ஆயில். நம் வண்டிகளில் கிளட்ச் பிளேட் இன்ஜின் ஆயிலிலேயே ஊறிக் கிடக்கிறது. அதனால் ஆயிலில் என்ன கலந்திருக்கிறது என்பது நேராகக் கிளட்சைப் பாதிக்கும். கார் ஆயில்கள் பலவற்றில், முக்கியமாக மைலேஜ் கூடும் என்று விற்கிற மெல்லிய ஆயில்களில், உராய்வைக் குறைக்கும் மருந்து சேர்த்திருப்பார்கள். காருக்கு அது நல்லது, நம் பிளேட்டுக்கு ஆகாது. இதற்காகவே ஜப்பானில் 1998-ல் பைக் ஆயிலுக்கு ஜாசோ (JASO) என்று தனித் தரம் வகுத்தார்கள். டப்பாவின் பின்பக்கம் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று போட்டிருந்தால் அது கியர் வண்டிக்கு உரியது. எம்பி என்று போட்டிருந்தால் கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு. வயல்காட்டு வீடுகளில் டிராக்டருக்கு வாங்கிய டீசல் ஆயிலையே பைக்கிலும் ஊற்றுகிற பழக்கம் இருக்கிறது. அதனால்தான் கிளட்ச் வழுக்குகிறது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். அந்த ஆயில்கள் பலவற்றில் மேலே சொன்ன மருந்து இருக்காது. ஆனால் சின்ன இன்ஜினுக்கு அது கனமான ஆயில், ஊற்றாமல் இருப்பதே நல்லது. இன்ஜின் மெத்தென்று ஓடும் என்று சொல்லித் தனியாக ஒரு பாட்டில் விற்பார்கள், அதையும் சேர்க்காதீர்கள். ஐப்பசி கார்த்திகையில் ரோட்டுத் தண்ணீரில் வண்டியை இறக்கியிருந்தால் ஆயில் எந்த நிறத்தில் இருக்கிறது என்று பாருங்கள். பால் கலந்த காபி போல் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. ஆயிலில் சந்தேகம் இருந்தால் சரியான ஆயிலை மாற்றி, ஒயரைச் சரிசெய்து, ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். பிளேட் இன்னும் கருகாமல் இருந்தால் அதோடு சரியாகிவிடும். கருகி, மேல்பக்கம் கண்ணாடி போல் வழவழப்பாகிவிட்டால் எந்த ஆயிலாலும் மீட்க முடியாது, திறக்கத்தான் வேண்டும்.

சரி, திறப்போம். வழக்கமாக 8, 10, 12, 14, 17 சைஸ் ஸ்பேனர், 8-லும் 10-லும் டி ஸ்பேனர், சர்க்ளிப் என்கிற வளையப் பூட்டைக் கழற்றும் பிளையர், ரப்பர் சுத்தியல், கவர் இடுக்கில் ஆயில் கசியாமல் வைக்கிற புதுப் பேக்கிங், ஆயில், சுத்தமான பழைய வேட்டித் துணி இவை போதும். பழைய வண்டிகளில் கவருக்கு போல்ட்டுக்குப் பதில் ஸ்டார் ஸ்க்ரூ இருக்கும். அதைச் சாதாரண ஸ்க்ரூ டிரைவரால் திருகித் தலையை மழித்துவிடாதீர்கள். சுத்தியலால் அடித்துத் திருப்புகிற இம்பாக்ட் டிரைவரை ஒரு நாளைக்கு இரவல் வாங்குங்கள். வண்டியை ஐந்து நிமிடம் ஓட்டி, ஆயில் இளஞ்சூடாக இருக்கும்போது வடித்துவிடுங்கள். வண்டியை இடது பக்கம் சாய்த்துப் போட்டால் ஆயில் வடிக்காமலே வேலை செய்யலாம் என்று சிலர் சொல்வார்கள். முடியும்தான், ஆனால் பெட்ரோலும் பேட்டரி நீரும் ஒழுகும். வீட்டு வாசலில் அதைச் செய்ய வேண்டாம். வடித்த ஆயிலைத் தயவுசெய்து வாய்க்காலில் ஊற்றாதீர்கள். அது யாரோ ஒருவருடைய நாற்றங்காலில் போய் நிற்கும். கேனில் பிடித்துப் பக்கத்துப் பட்டறையில் கொடுங்கள், பழைய ஆயிலை வாங்கிப் போக அங்கே ஆள் வருவார்கள்.

கால் வைக்கும் ஃபுட்ரெஸ்ட், கிக்கர், தேவைப்பட்டால் சைலன்ஸர், இவற்றைக் கழற்றினால் வலது பக்கக் கவருக்கு வழி கிடைக்கும். கவர் போல்ட்டுகள் ஒரே நீளம் இல்லை. ஒரு அட்டையில் கவரின் உருவத்தை வரைந்து, எந்த இடத்தில் கழற்றிய போல்ட்டோ அந்த இடத்திலேயே குத்தி வையுங்கள். நீள போல்ட்டைக் குட்டை போல்ட்டின் துளையில் போட்டு முறுக்கினால் இன்ஜின் உடம்பே விரிசல் விடும். எல்லா போல்ட்டும் எடுத்த பிறகும் கவர் வராது, பேக்கிங் ஒட்டியிருக்கும். சுற்றி ரப்பர் சுத்தியலால் தட்டுங்கள். ஸ்க்ரூ டிரைவரை இடுக்கில் விட்டு நெம்பினால் அலுமினியத்தில் வடு விழும், அந்த வடு வழியாக ஆயுசுக்கும் ஆயில் கசியும். கவர் வரும்போது சின்னக் குழல் போன்ற டவல் பின் இரண்டு கீழே விழலாம், எடுத்து வையுங்கள்.

உள்ளே தெரியும் கிளட்சில், வெளித்தட்டைச் சின்ன போல்ட்டுகள் ஸ்பிரிங்கோடு பிடித்திருக்கும். அவற்றை ஒன்றை முழுக்கக் கழற்றிவிட்டு அடுத்ததுக்குப் போகக் கூடாது. எதிரெதிராக, ஒவ்வொன்றிலும் ஒரு சுற்று, இரண்டு சுற்று என்று சமமாகத் தளர்த்துங்கள். இதற்கு மேல் வேலை எவ்வளவு என்பது வண்டியின் அமைப்பைப் பொறுத்தது. பிளேட்டுகளை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட் சில வண்டிகளில் வெளியே இருக்கும். அதை எடுத்ததும் பிளேட்டுகள் அப்படியே கையோடு வந்துவிடும். சிலவற்றில் பிரஷர் பிளேட் உள்ளே இருக்கும்; நடுவில் இருக்கும் சர்க்ளிப்பையோ லாக் நட்டையோ எடுத்து பிளேட்டுகள் கோத்திருக்கும் நடுப்பகுதியான ஹப்பையே வெளியே இழுத்தால்தான் பிளேட் வரும். நீங்கள் வண்டியின் பெயரைச் சொல்லாததால் உங்களுடையது எது என்று இங்கிருந்து சொல்ல வழியில்லை. சர்க்ளிப் என்றால் பிளையர் போதும். நாலு வெட்டு உள்ள லாக் நட் என்றால் அதற்கென்று தனி பாக்ஸ் ஸ்பேனர் இருக்கிறது, அதை வாங்காமல் ஆரம்பிக்காதீர்கள். உளியால் தட்டிக் கழற்றுவதை நானே சின்ன வயதில் செய்திருக்கிறேன். நட் வந்துவிடும். திரும்பப் போடும்போது எவ்வளவு இறுக்கினோம் என்று தெரியாது, ஓடும்போது கழன்றால் கவருக்குள் எல்லாம் நொறுங்கும். நட்டுக்கு அடியில் கிண்ணம் போல் வளைந்த வாஷர் இருந்தால், எந்தப் பக்கம் வெளியே பார்த்திருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதிலேயே ‘அவுட்சைடு’ என்று பொறித்திருப்பதும் உண்டு. ஒவ்வொரு படியிலும் போனில் படம் எடுங்கள்.

பிளேட்டுகளை எடுத்த வரிசையிலேயே துணிமேல் அடுக்கி எண்ணுங்கள். ஒன்றுவிட்டு ஒன்றாக இரண்டு வகை இருக்கும். கார்க் போன்ற துண்டுகள் ஒட்டியது உராய்வு பிளேட், வெறும் இரும்பு ஸ்டீல் பிளேட். எட்டு மாதத்துக் கதையை இந்த ஸ்டீல் பிளேட்டே சொல்லும். அது நீலம் பாய்ந்திருந்தால் கிளட்ச் கடுமையாகச் சூடேறியிருக்கிறது. கண்ணாடிப் பலகைமேல் வைத்து இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்கள். 0.2 மில்லிமீட்டருக்கு மேல் வளைந்திருந்தால் பல மேனுவல்கள் அதைத் தூக்கிப் போடத்தான் சொல்கின்றன. உராய்வு பிளேட் புதுசாக இருக்கும்போது சின்ன வண்டிகளில் 3 மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும். அதில் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு தேய்ந்தாலே ஆயுள் முடிந்தது போலத்தான். அதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, வெர்னியர் அளவுகோல் வேண்டும். ஸ்பிரிங்குகளைப் புதுசோடு பக்கத்தில் நிறுத்தி உயரம் பாருங்கள். போன தடவை உராய்வு பிளேட் மட்டும் புதுசு போட்டு, நீலம் பாய்ந்த ஸ்டீல் பிளேட்டையும் தளர்ந்த ஸ்பிரிங்கையும் அப்படியே விட்டிருந்தால் எட்டு மாதத்தில் போனதில் ஆச்சரியம் இல்லை. இது நான் அடிக்கடி பார்க்கிற விஷயம். செலவைக் குறைக்கச் சொல்லி வண்டிக்காரரே கேட்பதும் உண்டு, அதனால் கடைக்காரர்மேல் உடனே பழி போடாதீர்கள்.

‘ஃபுல் செட்’ என்று அவர்கள் சொன்னது எதை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உராய்வு பிளேட், ஸ்டீல் பிளேட், ஸ்பிரிங் மூன்றும் என்றால் அவர்கள் சொல்வது சரி, நானும் அதையே சொல்வேன். ஹப், பிரஷர் பிளேட், பிளேட்டுகளைச் சுற்றிக் கிண்ணம் போல் இருக்கும் அவுட்டர் எல்லாம் சேர்த்து என்றால், திறந்து பார்க்காமல் அது தேவையா என்று யாராலும் சொல்ல முடியாது. அவுட்டரின் விரல்கள் போன்ற பகுதியில் பிளேட்டின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் காது இடித்து இடித்துப் பள்ளம் விழுந்திருக்கும். நகத்தால் தடவினால் லேசாகத் தட்டுப்படுகிற அளவு என்றால் நைஸ் அரத்தால் தேய்த்துச் சமப்படுத்தலாம். ஆழமாக இருந்தால் பிளேட் அதில் மாட்டிக்கொள்ளும், கிளட்ச் லீவரைப் பிடித்தாலும் வண்டி நகரும், நியூட்ரல் விழாது. அப்போது அவுட்டரையும் மாற்றத்தான் வேண்டும். நடுவில் எந்த அளவு பள்ளம் வரை விடலாம் என்பதில் மெக்கானிக்குகளுக்குள்ளேயே ஒத்த கருத்து கிடையாது. நான் பாரம் இழுக்கும் வண்டி என்றால் மாற்றிவிடுவேன்.

புது உராய்வு பிளேட்டை உலர்ந்தபடியே மாட்டாதீர்கள். முதல் நாள் ராத்திரியே புது இன்ஜின் ஆயிலில் ஊறப் போடுங்கள். எடுத்த வரிசையிலேயே அடுக்குங்கள். முதலும் கடைசியும் உராய்வு பிளேட், நடுவில் மாறி மாறி ஸ்டீல். ஸ்டீல் பிளேட்டின் ஒரு ஓரம் மழுங்கியும் மறு ஓரம் கூராகவும் இருக்கும்; எல்லாம் ஒரே திசை பார்க்க வேண்டும். கவர் திறந்த கையோடு ஆயில் ஜல்லடையையும் உருவிக் கழுவிப் போடுங்கள். ஸ்பிரிங் போல்ட்டுகளை மறுபடியும் எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். இந்த வேலையிலேயே நான் ரொம்பப் பயப்படுகிற இடம் இதுதான். இவை வழக்கமாக 6 மில்லிமீட்டர் போல்ட், அலுமினியத் தண்டில் இறங்குகின்றன, 10 முதல் 12 நியூட்டன் மீட்டர் போதும். கை பலத்தைக் காட்டினால் அந்தத் தண்டு முறிந்துவிடும். பட்டறை வைத்த முதல் வருடத்தில் ஒரு ஆசிரியரின் வண்டியில் எனக்கே அப்படி முறிந்தது. என் காசில் ஹப் வாங்கிப் போட்டேன். அன்றிலிருந்து, எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் அந்த போல்ட்டைத் தொட்டதில்லை. உங்களிடம் டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் நீளக் கைப்பிடி ஸ்பேனர் எடுக்காதீர்கள். சின்ன டி ஸ்பேனரை இரண்டு விரலால் திருகி, இறுகியதும் கால் திருப்பு மட்டும் கொடுத்து நிறுத்துங்கள்.

பழைய பேக்கிங்கைப் பெட்ரோல் தடவி ஊறவைத்து, பிளேடைப் படுக்க வைத்துச் சுரண்டுங்கள். துணுக்கு உள்ளே விழாமல் துணியால் மூடிக்கொள்ளுங்கள். டவல் பின்னை இடத்தில் வைத்து, கவரை மூடி, வண்டி புத்தகத்தில் சொன்ன அளவு ஆயில் ஊற்றி, லீவர் லூஸை வையுங்கள். ஸ்டார்ட் செய்து ஸ்டாண்டில் நிற்கும்போதே கியர் போட்டு எடுத்துப் பாருங்கள். முதல் இரண்டு வாரம் பாதிப் பாரம் போதும். பால் கேனை ஒவ்வொன்றாக எடுத்துப் போக முடியுமென்றால் அப்படிச் செய்யுங்கள். நூறு கிலோமீட்டர் ஓடியதும் லூஸை மறுபடி பாருங்கள், அப்புறம் மாதம் ஒருமுறை.

இனி எட்டு மாதத்துக்கு வருகிறேன். உங்கள் பாதையைப் படிக்கும்போதே எனக்குப் புரிந்தது. நாற்பது லிட்டர் கேன் இரண்டு என்றால் பால் மட்டுமே எண்பது கிலோவுக்கு மேல். ஈரமான வாய்க்கால் கரையில் வழுக்காமல் இருக்க நடக்கிற வேகத்தில் போகிறீர்கள். அந்த வேகம் முதல் கியருக்கும் குறைவு, அதனால் கிளட்சைப் பாதி பிடித்துக்கொண்டே ஓட்டியிருப்பீர்கள். நம் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் ஓட்டுகிறோம். பாதி பிடித்த கிளட்சில் பிளேட்டுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே சுழல்கின்றன. இன்ஜின் சக்தியில் ஒரு பங்கு சக்கரத்துக்குப் போகாமல் அங்கேயே சூடாகிறது. அது ஒரு நிமிடம் நீடித்தால் ஆயில் ஆற்றிவிடும், தினமும் இரண்டு கிலோமீட்டர் நீடித்தால் ஆற்றாது. சேறு வரும் முன்பே முதல் கியர் போட்டு, லீவரை முழுக்க விட்டுவிட்டு, ஆக்சிலேட்டரால் மட்டும் போங்கள். வேகத்தைப் பின் பிரேக்கால் அடக்குங்கள். லீவர்மேல் விரலை வைத்துக்கொண்டே ஓட்டும் பழக்கம் இருந்தால் அதையும் விட வேண்டும். அப்படியும் முதல் கியர் வேகமாக இருக்கிறது என்றால், பின் ஸ்ப்ராக்கெட்டில் ஒன்றிரண்டு பல் கூடுதலாக உள்ளது உங்கள் வண்டிக்குப் பொருந்துமா என்று விசாரியுங்கள். டாப் வேகமும் மைலேஜும் கொஞ்சம் குறையும், ஆனால் சேற்றில் லீவரைப் பிடிக்கும் தேவை குறையும்.

இந்த வாரம் லூஸையும் ஆயிலையும் மட்டும் பாருங்கள். அதில் சரியாகாமல் கவரைத் திறந்தால், எதையும் வாங்குவதற்கு முன் ஸ்டீல் பிளேட்டையும் அவுட்டர் விரல்களையும் வெயிலில் வைத்துப் படம் எடுத்து, வெர்னியர் அளவோடு இங்கே போடுங்கள். வண்டியின் பெயரையும் வருடத்தையும் சேர்த்து எழுதுங்கள். எதை மாற்ற வேண்டும், எதை விடலாம் என்று அப்போது சொல்கிறேன்.